மேல் காந்தாரத்தில் வெட்டியவள்

முரளிக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப்போவதில்லை. நீ நன்றாகத்தான் இருக்கிறாய். அப்பாவின் முதலாண்டு நினைவு விழா அழைப்பிதழில் உன் படம் அவர் படத்தைவிடப் பெரிதாக விழுந்திருக்கிறது. பெரம்பலூரில் மண்டபம் பிடித்து, திரை கட்டி, பேச வருகிறவர்களுக்குச் சால்வை வாங்கி ஓடிக்கொண்டிருக்கிறாய். நான் இங்கே அரியலூரில், புரை எடுத்த கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, அது காய்ந்ததும் கொஞ்சம் எழுதி, மறுபடி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். விழா மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னாய். ‘அவரும் நானும்: ஓர் இசைப் பயணம்’ என்று தலைப்பையும் நீயே கொடுத்துவிட்டாய். பயணம் என்றால் தினமும் அரியலூர் ஸ்டேஷனில் நின்று, இடம் கிடைக்காமல் வாசலோரம் தொங்கி, வானொலி நிலையத்துக்குப் போய் வந்த பயணம்தான் எனக்குத் தெரியும். அதை எழுதினால் உன் மலர் மணக்காது. அதனால் எனக்கு எழுத வேண்டியதை எழுதுகிறேன். இது இரண்டு பக்கத்துக்குள் அடங்காது. அறிவிப்பாளராக வேலை பார்த்த காலம் முழுக்கக் கொடுத்த நேரத்துக்குள் பேசி முடித்தவள் நான். இந்த ஒரு தடவை என்னை யாரும் கடிகாரம் பார்த்து நிறுத்த வேண்டாம்.

போன வாரம் வாட்சப்பில் ஒரு பதிவு அனுப்பியிருந்தாய். எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்த ரசிகர் ஒருவர் அந்தக் காலத்தில் ரேடியோவுக்குப் பக்கத்தில் டேப்ரிக்கார்டரை வைத்துப் பிடித்ததாம். அவர் வீட்டுப் பரணில் கிடந்த கேசட்டைத் தேடி வாங்கி, சென்னைக்கு அனுப்பி, இரைச்சலை எல்லாம் எடுத்துச் சுத்தம் செய்தாய் என்று உன் மனைவி கவிதா சொன்னாள். அப்பாவின் புல்லாங்குழல். தோடி ஆலாபனை. அடியில் நீ எழுதியிருந்தது ஒரே வரி: ‘கேளுங்கம்மா, நீங்க பண்ணினத.’ கேட்டேன். குழல் கீழே நிதானமாக ஆரம்பிக்கிறது. நடுவில் சற்றுத் தங்கி, படிப்படியாக ஏறி, மேல் ஸ்தாயியின் ‘க’வில், அந்த மேல் காந்தாரத்தில் போய் நிற்கிறது. நிற்கிற அந்த இடத்திலேயே ஒலி மங்கி அடங்குகிறது. அதன் மேல் என் குரல் வருகிறது, ‘இத்துடன் புல்லாங்குழல் இசை நிறைவு பெறுகிறது’ என்று. பிறகு ஏதோ ஒரு வீணை இசைத்தட்டு. இதை மண்டபத்தில் பெரிய ஒலிபெருக்கியில் போடப்போகிறாய். கூட்டம் ‘ஐயோ’ என்று உச்சுக்கொட்டும். அந்தச் சூடு ஆறுவதற்குள் என்னை மேடைக்கு அழைப்பதாக ஏற்பாடு.

அதற்குத்தானே போன் செய்தாய். “அம்மா, ஒரே ஒரு தடவ மைக்ல எல்லார் முன்னாலயும் மன்னிப்பு கேட்டுடுங்க. அப்பா ஆத்மா சாந்தியாயிடும். அப்புறம் அங்கேருந்தே கார்ல நம்ம வூட்டுக்கு வந்துடுங்க. இனிமே அரியலூர்ல தனியா கெடக்க வேணாம்.” எவ்வளவு பெரிய மனது உனக்கு. கண் ஆபரேஷனுக்கு வராதவன், மன்னிப்புக் கேட்டால் காரில் ஏற்றிக்கொள்கிறேன் என்கிறாய். உலகத்தில் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவை நீ, வா, போ என்றுதான் பேசும். நீயும் அப்படித்தான் பேசினாய். அந்த ஒலிபரப்புக்குப் பிறகுதான் ‘நீங்க’ போட ஆரம்பித்தாய். உனக்கு என் மேல் திடீரென்று மரியாதை வந்துவிட்டது என்று அக்கம்பக்கத்தில் நினைத்தார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

சரி, ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அழைப்பிதழில் ‘இசைமேதை’ என்று போட்டிருக்கிறாயே, அதை எந்தச் சபை கொடுத்தது? உன் அப்பா மேதை இல்லை முரளி. அரசுப் பள்ளியில் பாட்டு வாத்தியார். நல்ல வாத்தியார்கூட இல்லை. பிள்ளைகளைக் கைதட்டித் தாளம் போடச் சொல்லிவிட்டு வெளியே போய் சிகரெட் பிடிப்பார். வானொலியில் அவருக்குக் கிடைத்தது தொடக்க நிலை கிரேடு. மேல் நிலைக்குத் திரும்பத் திரும்ப விண்ணப்பித்தார், திரும்பத் திரும்பத் தள்ளினார்கள். பொண்டாட்டி உள்ளே இருப்பதால்தான் பொறாமையில் தள்ளுகிறார்கள் என்று உன்னிடம் சொல்லியிருப்பார். அந்தத் தேர்வு எப்படி நடக்கும் என்று உனக்குத் தெரியாது. தேர்வு செய்கிறவர்கள் வேறொரு அறையில் இருப்பார்கள். வாசிக்கிறவர் முகமும் தெரியாது, பெயரும் தெரியாது, யார் புருஷன் என்பதும் தெரியாது. ஓர் எண்ணைச் சொல்லுவார்கள், பிறகு ஒலி மட்டும் வரும். அந்த எண்ணுக்கு மூச்சு போதவில்லை, அவ்வளவுதான். அதைத் தெரிந்துகொள்ள நிபுணர் குழு வேண்டியதில்லை, அடுப்படியில் நின்றுகொண்டிருந்த எனக்கே கேட்கும்.

அவருக்குத் தினமும் உட்கார்ந்து சாதகம் செய்வதைவிட, சாதகம் செய்வதைப் பற்றிப் பேசுவது பிடிக்கும். காலையில் குழலை எடுத்து, துடைத்து, துளைகளுக்கு எண்ணெய் போட்டு, இரண்டு ஸ்வரம் ஊதிப் பார்ப்பார். அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள். வராவிட்டால் இவரே யாரையாவது தேடிப் போய்விடுவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கீழ் ஸ்தாயியில் அவர் நீலாம்பரி வாசித்தால் எனக்குக் கை வேலை ஓடாது. கீழப்பழுவூரில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தபோது குழலையும் கொண்டுவந்து வாசித்தார். பஜ்ஜி ஆறிப்போனது, எங்கள் சித்தப்பா தூங்கிப்போனார், நான் சரி என்று சொல்லிவிட்டேன். அவர் மேல் எனக்கு ஆசை இருந்தது. கடைசிவரை இருந்தது. இதைப் படிக்கும்போது அதையும் சேர்த்துப் படி, இல்லாவிட்டால் மற்றது எதுவும் உனக்கு விளங்காது.

என் வேலை என்ன என்று நீ ஒரு நாளும் கேட்டதில்லை, அதனால் சொல்கிறேன். ஸ்டுடியோவில் வித்வான்கள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் தடித்த கண்ணாடி. இந்தப் பக்கம் நான். என் முன்னால் மைக், கடிகாரம், ஒலியை ஏற்றி இறக்கும் குமிழ்கள். அவர்கள் தலைக்கு மேல் சிவப்பு விளக்கு எரிந்தால் அவர்கள் வாசிப்பது ஊர் முழுக்கக் கேட்கிறது என்று அர்த்தம். இசைக் கல்லூரியில் முறையாகப் பாட்டுப் படித்தவள் நான். ஆனாலும் என் குரல் மற்றவர்கள் பெயரைச் சொல்லத்தான் பயன்பட்டது. அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. நேரம் முடிந்தால் ஒழிய, வாசித்துக்கொண்டிருப்பவர் குமிழில் கை வைக்கக் கூடாது. அவர் தப்பாக வாசித்தால் அது அவருடைய தப்பு, அதுவும் ஊருக்குக் கேட்டாக வேண்டும். எத்தனையோ பெரிய வித்வான்கள் அபஸ்வரமாக இழுத்ததையும், பாதியில் வரி மறந்து முழித்ததையும் நான் கை கட்டிக்கொண்டு அப்படியே வெளியே விட்டிருக்கிறேன். அதில் எனக்கு இரக்கம் வந்ததே இல்லை.

அன்றைய கச்சேரி நேரடி ஒலிபரப்பு. பதிவு செய்து, வெட்டி ஒட்டி, பிறகு போடுகிற சௌகரியம் கிடையாது. உன் அப்பாவுக்கு முதல் முறையாக அந்த வாய்ப்பு வந்தது. “என் பேர நீதான் சொல்லணும்”னு ஒற்றைக் காலில் நின்றார். புருஷன் கச்சேரிக்குப் பொண்டாட்டி அறிவிப்பா என்று நிலையத்தில் முணுமுணுத்தார்கள். சக அறிவிப்பாளரிடம் கெஞ்சி முறையை மாற்றிக்கொண்டேன். பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள், தெருக்காரர்கள், உறவுக்காரர்கள் எல்லோரிடமும் ரேடியோ கேட்கச் சொல்லிவிட்டு வந்தார். ரயிலில் போகும்போதே கேட்டேன், என்ன ராகம் என்று. தோடி என்றார். தோடி நேரமும் மூச்சும் கேட்கிற ராகம். “நேரம் கம்மிங்க. மோகனம் வாசிச்சுட்டு வந்துடுங்க. மேல ரொம்பப் போகாதீங்க”ன்னேன். “தோடி வாசிக்காதவன் வித்வானாடி? நீ பேர மட்டும் சுத்தமா சொல்லு, போதும்”னார். இறங்கி நடக்கும்போது ஒரு சிகரெட், நிலையத்து வாசலில் இன்னொன்று.

ஆரம்பித்தார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். நீ அனுப்பிய பதிவில் இருக்கிறதே, அது எல்லாம் உண்மை, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்றைக்கு அவர் தன்னைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருந்தார். வயலின்காரர் தலையாட்டினார். தா.பழூரிலிருந்து வந்திருந்த மிருதங்கக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு மேலே ஏற ஆரம்பித்தார். போதும், இறங்குங்கள் என்று இந்தப் பக்கம் நான் எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருக்கிறேன். இறங்கவில்லை. மேல் காந்தாரத்தைத் தொட்டுவிட்டார். தொட்டு நின்றபோது அவர் கழுத்தில் ஒரு நரம்பு இழுத்துக்கொண்டது. அது எனக்குத் தெரியும். வீட்டில் அந்த நரம்பு இழுத்தால் அடுத்த மூச்சில் குழலிலிருந்து வெறும் காற்றுதான் வரும், அதற்கடுத்த மூச்சில் இருமல். கண்ணாடி வழியாக என்னை நிமிர்ந்து பார்த்தார் முரளி. கச்சேரியில் வாசிக்கிறவர் யாரும் அறிவிப்பாளரைப் பார்க்க மாட்டார்கள். நான் குமிழைத் திருகிவிட்டேன். காந்தாரம் முழுசாக இருக்கும்போதே அடக்கி, என் மைக்கைத் திறந்து, நிறைவு பெறுகிறது என்று சொல்லி, கைக்கு அகப்பட்ட வீணைத் தட்டைப் போட்டுவிட்டேன். நேரம் இன்னும் மீதி இருந்தது.

அதற்குப் பிறகு உள்ளே நடந்தது எந்தக் கேசட்டிலும் இல்லை. சிவப்பு விளக்கு அணைந்ததை அவர் கவனிக்கவில்லை. தொடர்ந்து ஊதினார். காற்று. உதட்டை நக்கிக்கொண்டு மறுபடி ஊதினார். ஒரு கீச்சொலி வந்தது. பிறகு இருமல் பிடித்து, குழல் மடியில் விழுந்து, முன்னால் குனிந்து இருமிக்கொண்டே இருந்தார். வயலின்காரர் வில்லை எடுத்துவிட்டார். மிருதங்கக்காரர் எழுந்து முதுகைத் தடவினார். அதை எல்லாம் ஊர் கேட்டிருக்க வேண்டியது. பள்ளிக்கூடம் கேட்டிருக்க வேண்டியது. ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நீ கேட்டிருக்க வேண்டியது. வீணை ஓடிக்கொண்டிருந்தபோது நான் கதவைத் திறந்து தண்ணீர் கொண்டுபோனேன். விளக்கு அணைந்திருப்பதை அப்போதுதான் பார்த்தார். “எப்ப அணைச்ச?” என்றார். “காந்தாரத்துலயே”ன்னேன். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதார். “மானத்தக் காப்பாத்திட்டடி. எம் மானத்தக் காப்பாத்திட்ட.” மிருதங்கக்காரர் என்னிடம், “அக்கா, வேற யாராச்சும் இருந்தா மனுசன் செத்துருப்பாரு” என்றார். அவர் இன்னும் தா.பழூரில்தான் இருக்கிறார், உன் விழாவில் பேச வருகிறார். நீ போய்க் கேட்டால் உனக்கு உண்மை கிடைக்காது. அவர் நல்ல மனிதர், செத்தவரைக் காட்டிக்கொடுக்க மாட்டார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

ரயிலில் திரும்பும்போது உன் அப்பா என் தோளில் சாய்ந்து தூங்கினார். அரியலூரில் இறங்கினால் பிளாட்பாரத்தில் அவர் பள்ளிக்கூடத்து ஆட்கள் மாலையோடு நிற்கிறார்கள். தலைமையாசிரியர்தான் ஆரம்பித்தார். “என்ன சார் இது அநியாயம்! தோடி அப்படியே ஆகாசத்துல நிக்குது, வூட்டுக்காரம்மா படக்குன்னு வெட்டிப்புட்டாங்களே!” உன் அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. பிறகு மாலைக்குத் தலையைக் குனிந்து கொடுத்துவிட்டுச் சிரித்தார். “என்னத்தச் சொல்றது சார். ஊருக்கெல்லாம் நேரம் குடுக்குறா, கட்டுன புருஷனுக்குக் குடுக்க மனசு வரல.” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் மானம் இன்னும் பச்சைப் புண்ணாக இருக்கிறது, இன்றைக்கு ஒரு நாள் போகட்டும் என்று நினைத்துச் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தனியாக இருக்கும்போது, “மன்னிச்சுக்க, ஒரு பேச்சுக்குத்தான் சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். சாப்பாடு போடு என்றார்.

அந்தக் கதை அதற்குப் பிறகு வளர்ந்தது. முதலில் நான் கடிகாரத்தைத் தப்பாகப் பார்த்தேன் என்றிருந்தது. பிறகு மேலதிகாரிக்குப் பயந்தேன் என்று ஆனது. பிறகு எனக்கே பொறாமை என்று ஆனது: பாட்டுப் படித்தும் பாடத் துப்பில்லாதவள், புருஷன் மேலே போவது பொறுக்காமல் கீழே பிடித்து இழுத்துவிட்டாள். அவர் சொல்லச் சொல்ல அவருக்கே அது நிஜமாகிவிட்டது. கல்யாண வீட்டில் சொல்லுவார், சாவு வீட்டில்கூடச் சொல்லுவார், நான் காபி டம்ளரோடு பக்கத்தில் நிற்கும்போதே சொல்லுவார். குழலை அதற்குப் பிறகு அவர் மேடையில் எடுக்கவே இல்லை. எடுக்க வேண்டிய அவசியம் என்ன இருந்தது? வாசிக்காமலே பெரிய வித்வான் ஆகிவிட்டார். நிலையத்தில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். நேரத்தைத் தவறாகப் பார்த்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். சங்கீத நிகழ்ச்சிகளிலிருந்து என்னை எடுத்துவிட்டு, உழவர்களுக்கான நிகழ்ச்சியில் போட்டார்கள். ராகம் தாளம் சொல்லிக்கொண்டிருந்த வாய் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் என்று மார்க்கெட் நிலவரம் வாசித்தது. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒருத்தர் என் குரலைக் கேட்டுத் திரும்பி, “நீங்க சின்ன வெங்காயம் அம்மா தானே?” என்றார். சிரிப்பாகத்தான் இருந்தது. பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து அழுதேன்.

நீ என்ன செய்தாய் தெரியுமா? ரேடியோவில் என் குரல் வந்தால் எழுந்து போய் அணைத்துவிடுவாயாம். பக்கத்து வீட்டு அம்மா வருத்தப்பட்டுச் சொன்னாள். நான் வேலை முடிந்து பலகாரம் வாங்கி வந்தால் தொட மாட்டாய், அப்பா வாங்கி வந்தால் தின்பாய். சின்னப் பிள்ளைதானே, போகப் போகச் சரியாகிவிடும் என்று இருந்தேன். அவரே ஒரு நாள் உன்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்லிவிடுவார் என்றும் இருந்தேன். ஒரு தடவை கேட்டேவிட்டேன். “ஏங்க, புள்ளைகிட்ட மட்டுமாச்சும் சொல்லிடுங்களேன். ஊர் என்ன வேணா நெனச்சுக்கட்டும்.” அவர் ஷேவ் பண்ணிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, “அவன் ஒருத்தனாச்சும் என்னப் பெருசா நெனைக்கிறான். அதையும் புடுங்கணுமா உனக்கு?” என்றார். என்னிடம் இருந்த ஒரே பிள்ளையைக் கொடுத்து அவர் பெருமையை வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. புரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. அவர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்தபோது நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இப்போதாவது சொல்லுவார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கில் வைத்திருந்ததை விலக்கிவிட்டு உன்னிடம்தான் பேசினார். “எறையூர்க்காரர்ட்ட அந்தக் கேசட் இருக்கு. தேடி வாங்கு. நாலு பேருக்குப் போட்டுக் காட்டு.” என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்கு நான் கடைசியாக வாய் துடைத்துவிட்டேன்.

ஆக, நீ மண்டபத்தில் போடப்போகிற அந்தக் கேசட்டைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொள். அதில் உன் அப்பா மேதைதான். நான் வெட்டியதால் மேதை. இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தால் அதில் ஒரு இருமல்காரர் இருந்திருப்பார், அதை யாரும் பரணில் வைத்துக் காப்பாற்றியிருக்க மாட்டார்கள். நீ கும்பிடுகிற மனிதரை நான்தான் செய்தேன், ஒரு கையால் குமிழைத் திருகி. அதற்குத்தான் நீ என்னை மன்னிப்புக் கேட்கச் சொல்கிறாய்.

உன்னைப் பற்றியும் ஒரு வார்த்தை, இது அம்மா சொல்லும் புத்திமதி என்று வைத்துக்கொள். பதவி உயர்வுக்கான துறைத் தேர்வில் நீ தேறவில்லை. தேறாதது ஒன்றும் குற்றம் இல்லை, நீ படிக்கவில்லை, அவ்வளவுதான். கீழப்பழுவூரில் என் தம்பி வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்துகொண்டு என்ன சொன்னாய்? “படிக்க எங்க வுட்டா மாமா இவ? இவ அம்மா வூட்டுக்கும் நம்ம வூட்டுக்கும் அலைய வெச்சே என் தலையில மண்ணப் போட்டுட்டா.” இலைக்குச் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த கவிதா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும், அரியலூர் பிளாட்பாரத்தில் நான் சிரித்ததும் அதுதான். உனக்கு உன் அப்பாவின் மூக்கு வரவில்லை, இசை வரவில்லை, இது மட்டும் எப்படியோ வந்துவிட்டது. அவளுக்காக நான் உன்னிடம் பரிந்து பேசவில்லை. உன் பெண் வளர்கிறாள். உன் தோல்வியைச் சுமக்க வீட்டில் ஒருத்தி இருக்கிறாள் என்ற தைரியத்தில் நீ பேசுவதை எல்லாம் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்றைக்கு அவள் உன் பக்கம் நிற்பாள், நீ நின்றது போல. அதில் குளிர் காயாதே.

இனி விழா விஷயம். இதை அப்படியே மலரில் போடலாம். தலைப்பை மட்டும் மாற்றிக்கொள், பயணம் வேண்டாம். போட்டால் நான் விழாவுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை, உன் காரும் வேண்டாம், அரியலூரிலேயே இருந்துகொள்வேன். இந்த ஊர் சிமெண்ட் ஆலைத் தூசிக்கு என் மூச்சு பழகிவிட்டது. ஆனால் நீ போட மாட்டாய். உன்னை நான்தான் பெற்றேன், எனக்குத் தெரியும். படித்து முடித்ததும் மடித்து பீரோவில் துணிக்கு அடியில் வைப்பாய், இல்லாவிட்டால் கிழித்துப் போடுவாய். கவிதாவிடம் காட்ட மாட்டாய். அவளிடம் நானும் சொல்லவில்லை, நம் குடும்பத்தில் இனி இதைச் சுமக்கப்போவது நீ ஒருத்தன்தான்.

அப்படியானால் விழாவுக்கு வருகிறேன். நீ கேட்டது எல்லாம் செய்கிறேன், நீ நினைத்ததைவிட நன்றாகவே செய்வேன், அது என் தொழில். தோடி முடிந்ததும் மேடை ஏறி, பழைய குரலிலேயே பேசுவேன். பொறாமையில் செய்தேன் என்று சொல்ல வேண்டுமா, அறியாமையில் என்று சொல்ல வேண்டுமா, முன்கூட்டி எழுதிக் கொடு, அப்படியே வாசித்துவிடுகிறேன். மன்னிக்க வேண்டும் என்று அவர் படத்தைப் பார்த்துக் கை கூப்புவேன். மண்டபம் அழும். மிருதங்கக்காரர் தலையைக் குனிந்துகொள்வார். உனக்கு மட்டும் அழ வராது, ஏனென்றால் நான் பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் பொய் என்று அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் உனக்குத் தெரியும். எழுந்து நிறுத்தலாம், உனக்கு மைக் கொடுக்கவும் ஆள் இருக்கும். நிறுத்த மாட்டாய். பிறகு எல்லோர் எதிரிலும் என்னைக் கைத்தாங்கலாகக் காருக்கு அழைத்துப் போவாய், நல்ல பிள்ளை என்று சொல்லுவார்கள்.

உன் வீட்டில் நான் உனக்குத் தொந்தரவாக இருக்க மாட்டேன். காலையில் ஒரு டம்ளர் காபி, இரண்டு இட்லி, கண்ணுக்குச் சொட்டு மருந்து, அவ்வளவுதான் என் தேவை. நீ சாப்பிட உட்காரும்போது எதிரில் உட்காருவேன். வருகிறவர்களிடம் அந்த விழாவைப் பற்றி நீ பேசினால் நானும் சிரிப்பேன். எத்தனை நாள் இருப்பேனோ, அத்தனை நாளும் இருப்பேன். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டேன்.

அம்மா